38 பில்கள்: ஒரு த்ரில்லர் கைப்பிரதி மூன்று முறை எழுதப்பட்ட விவரம்

பின்னணி

கைப்பிரதி என்னிடம் வந்தபோது அதில் 31 அத்தியாயங்கள் இருந்தன. எழுதியவர் அறுபதைத் தாண்டியவர். இது அவருடைய முதல் நாவல். கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். உளவு அமைப்பு ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், தன்னை யாரும் தேடி வராத ஒரு சிறிய ஊரில் குடியேறுகிறார். அந்த ஊரை ஒரு கும்பல் கையில் வைத்திருக்கிறது. கடைக்காரர்களிடம் மாதாமாதம் பணம் வாங்குகிறது, தராதவர்களை அடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அடிபட்டு வந்து விழுகிறான். இவர் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்குகிறார். அப்புறம் 200 பக்கத்துக்கு அடிதடி.

இந்த அமைப்பு பழையதுதான். பழையது என்பதாலேயே அது கெட்டுப்போய்விடவில்லை. வாசகருக்குத் தெரிந்த ஒரு ரகசியம் வில்லனுக்குத் தெரியாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் கிழவர் யார் என்று அவனுக்கு எப்போது தெரியவரும் என்று காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இந்த வகைக் கதையின் மூலதனமே அந்தக் காத்திருப்புதான்.

என் வேலை திருத்த ஆலோசனை சொல்வது. கைப்பிரதி ஏழு மாதத்தில் மூன்று வரைவுகளைக் கண்டது. அதில் ஒரு முழு வரைவு என் தவறான ஆலோசனையால் வீணானது. அதே தவறை இன்னொருவர் செய்யாமல் இருக்கலாமே என்றுதான் இதைப் பதிவு செய்கிறேன். எழுத்தாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் எதுவும் இல்லை.

முதல் வரைவில் கண்டது

சண்டைக் கதை எது வந்தாலும் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கணக்கு எழுதுவது என் வழக்கம். இந்தக் கைப்பிரதிக்கு எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. செத்தவர்கள் 23 பேர். நாயகருக்கு ஆன காயம் இடது தோளில் ஒரு சிராய்ப்பு, அதுவும் அடுத்த அத்தியாயத்தில் காணாமல் போய்விடுகிறது. ஒரே துப்பாக்கி, குண்டு மாற்றாமல் 26 முறை சுடுகிறது. பிடரியில் ஒரு தட்டு வாங்கி மயங்கி விழும் ஐந்து பேர், ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலியோடு எழுந்து உட்காருகிறார்கள். சைலன்சர் மாட்டிய துப்பாக்கிச் சத்தம் பக்கத்து அறைக்கே கேட்பதில்லை. குளோரோபாம் கைக்குட்டையும் உண்டு.

இவையெல்லாம் தகவல் பிழைகள். திருத்துவது சுலபம். கைத்துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். சைலன்சர் அதில் 20 முதல் 35 வரைதான் குறைக்கும், மிச்சச் சத்தம் ஒரு வீட்டையே எழுப்பப் போதும். குளோரோபாமை முகர்ந்து மயங்கச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை அடிபடுபவன் சும்மா இருக்கமாட்டான். தலையில் அடிபட்டவர் சில நிமிடங்களுக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தால் அது மூளைக்காயம், தலைவலி இல்லை. இதையெல்லாம் ஓரக்குறிப்பாக எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

சரியாகாத ஒன்றும் இருந்தது. ஒன்பதாவது அத்தியாயம் தாண்டியதும் பக்கம் புரட்டும் வேகம் எனக்குக் குறைந்தது. அலுப்பு எனக்கு மட்டும்தானா என்று பார்க்க ஆறு பேரிடம் கொடுத்தேன். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்களோ அங்கே ஒரு கோடு போடுங்கள், அவ்வளவு போதும் என்றேன். நாலு பேருடைய கோடு 11-ஆவது அத்தியாயத்துக்கும் 14-ஆவதுக்கும் நடுவில் விழுந்தது. கைப்பிரதியிலேயே சண்டை அதிகமாக இருந்த இடம் அது. ஒருவர் கோட்டுக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "ஜெயிப்பார் என்று முதலிலேயே தெரியும். எப்படி ஜெயிப்பார் என்பதும் மூன்றாவது சண்டையிலேயே தெரிந்துவிட்டது."

முதல் முடிவு: நாயகரைப் பலவீனமாக்கியது

அந்த வரியைப் படித்து நான் எடுத்த முடிவு, நாயகரின் பலம் அதிகம், அதைக் குறைக்க வேண்டும் என்பது. யாரும் சட்டென்று எடுக்கக்கூடிய முடிவுதான். காரணங்களும் கையில் தயாராக இருந்தன. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்குப் பின் இன்னும் வேகமாக. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். இவரோ கதையில் இருட்டுக் கிடங்கில் ஓடிக்கொண்டே சுடுகிறார்.

எழுத்தாளருக்கு இது பிடிக்கவில்லை. "நானே அறுபத்து மூணு தம்பி. வீட்டில் கண்ணாடி தேடுறதை இங்கேயும் படிக்கணுமா?" என்றார். நான் விடவில்லை. ஆறு வாரத்தில் இரண்டாவது வரைவு வந்தது. அதில் முட்டிவலி இருந்தது, ரத்த அழுத்த மாத்திரை இருந்தது, மாடிப்படியில் மூச்சு வாங்குவது இருந்தது. மூக்குக்கண்ணாடி உடைந்துபோய் அவர் தடுமாறும் ஒரு காட்சி நன்றாகவே வந்திருந்தது.

அதே ஆறு பேரிடம் கொடுத்தேன். கோடுகள் இரண்டு அத்தியாயம் தள்ளி விழுந்தன, அவ்வளவுதான் மாற்றம். குறிப்புகளில் புதிதாக ஒரு சொல் வந்திருந்தது. மூன்று பேர் தனித்தனியாக "பாவம்" என்று எழுதியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போய் நாயகர் அதே ஆட்களை அதே வழியில் அடித்தார். ஜெயிக்கக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆனது. இரக்கம் கூடியது, பதற்றம் கூடவில்லை. த்ரில்லர் வாசகர் நாயகருக்காகப் பயப்பட வேண்டும். நாயகரைப் பார்த்துப் பரிதாபப்படுவது வேறு விஷயம், அதற்கு வேறு கதைகள் இருக்கின்றன.

இரண்டரை மாதம் போனது. தவறு என்னுடையது. வாசகர் "எப்படி என்பதும் தெரிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். நான் அதை "பலம் அதிகம்" என்று படித்துக்கொண்டேன்.

ஒரு தொலைபேசி உரையாடல்

இரண்டாவது வரைவின் தோல்வியைச் சொல்ல அவரைக் கூப்பிட்டேன். பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. நடுவில் இப்படிக் கேட்டேன்: "சார், இவர் முப்பது வருஷம் காலையில் எழுந்து வேலைக்குப் போனாரே, போய் என்ன செய்தார்?"

"உளவு வேலைதான்."

"தினமும் யாரையாவது சுட்டாரா?"

"தினமுமா சுடுவான்? என்ன தம்பி."

"அப்ப மிச்ச நாளெல்லாம்?"

அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் அப்போது முழுப் பதில் இல்லை. அடுத்த ஒரு வாரம் இரண்டு பேரும் அதைத் தேடிப் படித்தோம். உளவு அமைப்புகளின் பேச்சில் சம்பளம் வாங்கும் அதிகாரியை ஏஜென்ட் என்று சொல்வதில்லை என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. அதிகாரி வேறு, ஏஜென்ட் வேறு. அதிகாரி எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆளைப் பிடிக்கிறார். ரகசியம் தெரிந்த, அதைச் சொல்லக்கூடிய ஆள். அப்படிப் பிடிபட்டவர்தான் ஏஜென்ட். அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதைக் கண்டு பயப்படுகிறான், யார்மேல் மனக்கசப்பு என்று மாதக்கணக்கில் கவனிப்பதுதான் அதிகாரியின் அன்றாட வேலை. ஆளைத் திருப்ப நாலு பிடிகள் உண்டு என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள்: பணம், கொள்கை, நெருக்கடி, தன்னகங்காரம். பிடித்த பிறகு அவனை ஆபத்தில்லாமல் சந்திக்க வேண்டும், சொன்னதைச் சரிபார்க்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். நிறைய அறிக்கை எழுத வேண்டும்.

அதாவது நம் நாயகருக்குத் தெரிந்த தொழில், பயந்துகொண்டிருக்கும் ஒருவரை மெல்லப் பேச வைப்பது. கைப்பிரதியின் 31 அத்தியாயத்தில் ஒரு வரியில்கூட அவர் அதைச் செய்யவில்லை.

ஊரை மறுபடி பார்த்தது

அடுத்த கேள்வி தானாகவே வந்தது. இந்தத் தொழில் ஒரு சிறிய ஊரில் செல்லுமா? பாதிக்கு மேல் செல்லாது என்று யோசிக்க யோசிக்கத் தெரிந்தது.

பின்தொடர்கிறார்களா என்று பார்க்க உளவு அதிகாரி நகரத்தில் வேண்டுமென்றே சுற்றிச் சுற்றிப் போவார். தொடர்பில்லாத இரண்டு இடத்தில் ஒரே முகம் தென்பட்டால் சந்தேகம். சிறிய ஊரில் ஒரே முகம் ஒரு நாளைக்குப் பத்து முறை தென்படும். சந்தைக்குப் போனாலும் அவர்தான், பேருந்து நிறுத்தத்திலும் அவர்தான். பயிற்சியில் எச்சரிக்கை மணியாக இருந்தது இங்கே ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனாலேயே அதில் பயனில்லை. அடுத்தது போலி அடையாளம். நகரத்தில் மூன்று வரிக் கதை போதும், யாரும் நாலாவது கேள்வி கேட்கமாட்டார்கள். சிறிய ஊரில் கேள்வி ஓயாது. யாருக்கு உறவு, யார் சொல்லி இந்த வீடு கிடைத்தது, கடிதம் எதுவுமே வருவதில்லையே ஏன் என்று போய்க்கொண்டே இருக்கும்.

கும்பலுக்கோ இதெல்லாம் செலவில்லாமல் கிடைக்கிறது. சைக்கிளில் போகும் பையன், கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், பால் ஊற்றுபவர் என எல்லாரும் அவர்களுக்குக் கண். சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். கேட்காவிட்டாலும் பேச்சோடு பேச்சாக வந்து சேரும். முப்பது வருட நிபுணர் இந்த ஊரில் கற்றுக்குட்டி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட உள்ளூர் ரவுடி இங்கே உளவுத்துறைத் தலைவன்.

முட்டிவலியால் கிடைக்காத பயம் இதில் கிடைத்தது. மூன்றாவது வரைவின் இரண்டாம் அத்தியாயத்தில் நாயகர் கவனமாக நாலு தெரு சுற்றி, யாரும் பார்க்கவில்லை என்ற நிச்சயத்தோடு பையனின் அப்பாவைப் போய்ப் பார்க்கிறார். மறுநாள் காலை கடைக்காரர் சாதாரணமாகக் கேட்கிறார்: "நேத்து ராத்திரி ஏன் அவ்வளவு சுத்திப் போனீங்க?" அந்த வரி எழுத்தாளர் எழுதியது. அதைப் படித்தபோது நாவல் நிமிர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

படிக்கக் கொடுத்த மூன்று நிகழ்வுகள்

ஊர் மாறியது. கும்பல் இன்னும் அட்டையில் வெட்டிய பொம்மையாகத்தான் இருந்தது. நிஜத்தில் சிறிய ஊர்கள் இப்படிப்பட்ட ஆட்களிடம் எப்படி மாட்டின, எப்படி மீண்டன என்று பார்க்க மூன்று நிகழ்வுகளைப் படிக்கச் சொன்னேன்.

ஒன்று, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற சிறுநகரம், 1946. அங்கே ஷெரீப் என்னும் மாவட்டக் காவல் தலைவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் கைது செய்யும் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கிடைத்தது. அதனால் ஊர் வழியே போகும் பேருந்துகளை நிறுத்தி, குடித்திருக்கிறாய் என்று பயணிகளைப் பிடித்துப்போட்டார்கள். உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் தேர்தலில் எதிர்த்து நின்றார்கள். ஆகஸ்ட் 1 அன்று ஷெரீபின் ஆட்கள் வாக்குப்பெட்டிகளைச் சிறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, இவர்கள் ஆயுதக் கிடங்கிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துவந்து இரவெல்லாம் முற்றுகையிட்டார்கள். கடைசியில் வெடிவைத்தபோது உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். எங்கள் கைப்பிரதிக்கு மிக நெருக்கமான நிஜச் சம்பவம் இதுதான். எழுத்தாளர் முற்றுகையைப் பற்றியே பேசினார். எனக்குப் பிடித்தது தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. வில்லத்தனத்துக்கு ஒரு வருமானக் காரணம் இருந்தது. வெற்றிக்குப் பிறகு அந்தக் கட்டண முறையை எடுத்துவிட்டுச் சம்பளம் வைத்தார்கள். வென்றவர்களின் ஒற்றுமையோ சில மாதங்களில் உடைந்துபோனது.

இரண்டாவது, மிசௌரி மாநிலத்தின் ஸ்கிட்மோர், 1981. சில நூறு பேர் வாழும் ஊர். பல வருடமாக ஊரை மிரட்டிவந்த ஒருவன், ஜூலை 10 அன்று பட்டப்பகலில் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டான். சுற்றி நாற்பது பேர் அளவில் இருந்தார்கள். அவனுடைய மனைவி ஒருவரைக் கைகாட்டினார், அவரைத் தவிர யார் சுட்டது என்று சாட்சி சொல்ல ஊரில் யாரும் முன்வரவில்லை. எவருக்கும் தண்டனை இல்லை. அவனுக்கு எதிராக அத்தனை காலம் பெரும்பாலும் வாய் திறக்காத அதே மௌனம், அவன் செத்த பிறகு அவனைக் கொன்றவர்களைக் காப்பாற்றியது. இதைப் படித்துவிட்டு எழுத்தாளர் இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை.

மூன்றாவது சிசிலித் தீவு. கப்போ தோர்லாந்தோ என்ற கடலோரச் சிறுநகரத்தில் 1990-ல் வியாபாரிகள் ஒன்றாகச் சேர்ந்து சங்கம் அமைத்து, மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். அடுத்த வருடம் அதே தீவின் தலைநகர் பலெர்மோவில் லிபெரோ கிராசி என்ற ஆலை முதலாளி, பணம் தரமாட்டேன் என்று செய்தித்தாளில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அவருடன் யாரும் சேரவில்லை. 1991 ஆகஸ்ட் 29 அன்று வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் ஊரில் பலராகப் போனார்கள். இவர் தனியாகப் போனார்.

முதல் வரைவில் நம் நாயகரும் தனியாகத்தான் போனார். வித்தியாசம், கதை அவரைக் காப்பாற்றியது.

கும்பலின் கணக்கு

ஏதென்ஸ் நகரத்துக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நான் கேட்டேன்: "நம்ம கும்பல் வாங்கும் பணத்தைக் கடைக்காரர் தன் கணக்கில் எப்படி எழுதுவார், சார்?" மறுமுனையில் அவருடைய குரலே மாறிவிட்டது. அவர் முப்பத்து நாலு வருடம் கணக்குத் தணிக்கை செய்தவர். அது வரை அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

மிரட்டிப் பணம் பறிப்பவன் வெறும் உறையை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை, என்றார். காவல் சேவை என்று ஒரு பில் கொடுப்பான், அல்லது தன் ஆளிடமே சரக்கு வாங்கு என்பான். விலை கொஞ்சம் கூட இருக்கும், கூடுதல்தான் கப்பம். கடைக்காரருக்கும் இது வசதி, செலவாகக் காட்டிக்கொள்ளலாம். தணிக்கைக்காரன் கண்ணில் முதலில் படுவது தொகை இல்லை, பில் எண். ஒரு நிறுவனம் உனக்கு மாதாமாதம் தரும் பில்களின் எண் 41, 42, 43 என்று வரிசையாக வந்தால், அந்த நிறுவனத்துக்கு உன்னைத் தவிர வாடிக்கையாளர் கிடையாது என்று அர்த்தம்.

அதை அவர் கதைக்குள் கொண்டுவந்த விதம்தான் இந்தக் கைப்பிரதியை மாற்றியது. நாயகர் பையனின் அப்பா கடையில் பழைய பில்களைப் பார்க்கிறார். காவல் சேவை, மாதம் ஒன்று. எண்கள் 112, 150, 188. மாதத்துக்கு 38 கூடுகிறது. அப்படியென்றால் ஊரில் 38 பேர் பணம் கட்டுகிறார்கள். தாங்கள் ஏழெட்டுப் பேர்தான் மாட்டியிருக்கிறோம் என்று அந்தக் கடைக்காரர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் எண் 225. கூடியது 37. ஒருவர் கட்டவில்லை. அந்த ஒருவர் யார், அவருக்கு என்ன ஆனது?

துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. மேசைமேல் நாலு காகிதம். ஆறு வாசகரில் ஐந்து பேர் இந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்ததாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு கதையின் நடுப்பகுதி தன்னால் அமைந்தது. 38 பேர் இருக்கிறார்கள் என்பது அந்த 38 பேருக்குத் தெரியாது. நாயகர் ஒவ்வொருவராகப் போய்ப் பேச வேண்டும், அதுவும் எல்லாரும் எல்லாரையும் பார்க்கும் ஊரில். ஒருவருக்குப் பணக்கஷ்டம், ஒருவருக்கு ரோஷம், ஒருவருக்குப் பிள்ளைமேல் பயம். பழைய தொழிலின் அதே பிடிகள். ஆனால் பழைய தொழிலில் ஆளைப் பிடித்து, வேலை முடிந்ததும் இவர் ஊரைவிட்டுப் போய்விடுவார். அந்த ஆள் பின்னால் என்ன ஆனான் என்பது அறிக்கையில் வராது. இங்கே மறுநாள் காலையில் அதே ஆளிடம்தான் கடையில் சாமான் வாங்க வேண்டும். இந்தக் குற்றவுணர்வை எழுத்தாளர் அழுத்திச் சொல்லவில்லை, இரண்டு இடத்தில் தொட்டுவிட்டு விட்டார். நல்லது.

சண்டைகள்

14 சண்டை மூன்றாகக் குறைந்தது. விவரமாகச் சொல்ல அதிகமில்லை. 1983-ல் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் ஒருவர், கத்தியோடு ஓடிவருபவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான், துப்பாக்கியை உருவிச் சுடவும் அதே நேரம்தான் ஆகும் என்று எழுதினார். எல்லாச் சண்டைக் காட்சியிலும் அறையின் அளவை முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அடிகளை எண்ணும் நாயகர் அப்படித்தான் வந்தார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கதவுக்கும் எதிராளிக்கும் நடுவே எத்தனை அடி என்று பார்ப்பார்.

க்ளைமாக்ஸ் தகராறு

இங்கே நாங்கள் முட்டிக்கொண்டோம். 38 பேரில் 21 பேர் சாட்சி சொல்லச் சம்மதித்துவிட்டார்கள் என்றால் கதை அங்கேயே முடியலாம், சண்டையே வேண்டாம் என்பது என் கட்சி. சிசிலிச் சம்பவம் மனதில் அப்படிப் பதிந்திருந்தது. அவர் கேட்டார்: "காசு குடுத்து த்ரில்லர் வாங்கினவன் ஒரு அடிகூட விழாம மூடி வைப்பானா, தம்பி?"

இரண்டு வகையாகவும் எழுதிப் பார்த்தோம். சண்டையில்லாத முடிவை வாசகர்கள் மரியாதையாகப் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: பெட்டியை இறக்கிவிட்டுத் திறக்காமலே போய்விட்டீர்கள். சரி, அவர் பக்கம்தான் நியாயம். முதல் அத்தியாயத்தில் கொடுத்த வாக்கு அது, காப்பாற்றத்தான் வேண்டும்.

பழைய முடிவில் இருந்த எரியும் கிடங்கு போனது. கடைப் பின்கட்டில் ஒரு சின்னச் சரக்கறை வந்தது. ஒன்பது அடி நீளம், இரண்டு பேர், ஒன்றரை நிமிடம். துப்பாக்கியை எடுக்க இடமுமில்லை, நேரமுமில்லை. நாயகர் எதிராளியின் தலையில் குத்துகிறார். தாடைக்கு வைத்த குறி தவறி மண்டையில் விழுகிறது குத்து. சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் கையெலும்பு முறிகிறது. மண்டையில் குத்துபவர்களுக்குச் சாதாரணமாக முறியும் எலும்பு அது. அப்புறம் அவர் ஜெயிக்கிறார், அது வேறு. ஆனால் மறுநாள் 21 பேரோடு போய்த் தன் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டியவர், வலது கை வீங்கிப்போய் நிற்கிறார். பழைய வேலையில் எந்தக் காகிதத்திலும் தன் சொந்தப் பெயரை எழுதாதவர். பையனின் அப்பா காகிதத்தைப் பிடித்துக்கொள்ள, இடது கையால், முதல் வகுப்புக் குழந்தையின் எழுத்தில் நிஜப் பெயரை எழுதுகிறார். நாவலில் அந்தப் பெயர் வருவது அந்த ஒரே இடத்தில்தான்.

இந்தக் காட்சி என் யோசனையல்ல, அவருடையது. நான் சண்டையே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றிருந்தால் இது வந்திருக்காது.

விளைவு

மூன்றாவது வரைவு 24 அத்தியாயம். செத்தவர்கள் இரண்டு பேர், இரண்டு மரணமும் கதையில் கடைசிவரை கனக்கின்றன. ஆறு வாசகரில் நால்வர் கோடே போடவில்லை. ஒருவர் 17-ல் போட்டார். அந்த அத்தியாயம் இப்போதும் தொய்வுதான், கும்பல் தலைவனின் பின்கதை அங்கே நீள்கிறது. எழுத்தாளருக்கு அது பிடித்த பகுதி, விட்டுவிட்டோம். இன்னொருவர், முதல் வரைவின் அடிதடியே தனக்கு மேல் என்றார். அவரை மாற்ற முயற்சி செய்யவில்லை.

பதிப்பகங்களில் முதல் இரண்டும் திருப்பி அனுப்பின. ஒன்று காரணம் சொல்லவில்லை, மற்றொன்று சண்டை குறைவு என்றது. மூன்றாவது ஏற்றுக்கொண்டு, தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னது.

இன்னொரு முறை செய்தால்

வாசகர் குறிப்பை என் சொல்லில் மொழிபெயர்த்துக்கொள்ளமாட்டேன். அவர் எழுதியதை அப்படியே சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். அதே ஆறு பேரிடம் மூன்று வரைவையும் கொடுத்ததும் சரியில்லை. இரண்டாவது முறை படிப்பவர் கதையைப் படிப்பதில்லை, மாற்றங்களைத் தேடுகிறார். "பாவம்" என்ற சொல்லுக்குக்கூட அதில் பங்கிருக்கலாம். ஒவ்வொரு வரைவுக்கும் இரண்டு புது ஆட்களாவது வேண்டும்.

தகவல் பிழைகளைக் கடைசியில்தான் தொடுவேன். குளோரோபாமையும் சைலன்சரையும் முதல் வாரமே திருத்தினோம். அந்தக் காட்சிகள் எதுவும் மூன்றாவது வரைவில் இல்லை.

பாத்திரத்தின் தொழில் என்ன, அன்றாடம் என்ன செய்வார் என்ற கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். எழுத்தாளரிடமும் அதையே கேட்டிருக்க வேண்டும். இதை எழுதுவதற்காகப் பழைய காகிதங்களை எடுத்தபோது கைப்பிரதியோடு அவர் அனுப்பிய கடிதம் கிடைத்தது. இரண்டாவது வரியிலேயே தான் யார், எத்தனை வருடம் எந்த வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் என் பேனா கோடு போட்டிருப்பது நாலாவது வரியில், பக்க எண்ணிக்கைக்கு அடியில்.